இல்லமும் உள்ளமும்: குமிழ்கள் எங்கிருந்து வருகின்றன?



தூத்துக்குடி, குளச்சல், கடலூர் என்று கடலோரச் சீமைகளை விட்டுப் பிழைப்பிற்காகப் பெங்களூரில் குடியேறிய நம்மில் பலருக்குக் கடல் என்பது விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் காணும் காட்சியாகிவிட்டது. ஆகையால் சில இல்லங்களில் பிள்ளைகளின் ஆசைக்காகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்கிறார்கள். ஐந்தாம் நாளில் தேவன் சிருஷ்டித்த நீந்தும் ஜீவன்களை வீட்டுக் கூடத்திலேயே காண்பது மகிழ்ச்சிதான். ஆனால் தொட்டி வைத்த சில நாட்களிலேயே நீர் முழுவதும் பொடிப்பொடியான குமிழ்கள் நிறைந்து, பால் கலந்ததுபோல் மங்கிவிடுவதுண்டு. கடைக்கு ஓடி ஏதாவதொரு மருந்தை வாங்கி ஊற்றுகிறவர்கள் அநேகர். அப்படிச் செய்யலாகாது. குமிழ் நோயன்று, ஓர் அடையாளம். காற்று எங்கே நுழைகிறது என்று கண்டறிவதே அதற்குரிய பரிகாரம்.

நன்னீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விரைவில் மேலேறி உடைந்துவிடும். கடல்நீரிலோ, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கரைந்திருக்கும் உப்புகள் குமிழ்களைச் சேரவொட்டாமல் தடுக்கின்றன. ஆகவே அவை நுண்ணியவையாகவே நின்று, நீரோட்டத்தோடு நெடுநேரம் சுற்றிவருகின்றன. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்னும் கருவி கடல்நீரில் நன்றாக வேலை செய்வதற்கும் இந்தக் குணமே காரணம். அந்தக் கருவிக்குள் நன்மை செய்யும் குமிழே தொட்டிக்குள் வந்தால் தொல்லையாகிறது.

எல்லாக் குமிழ்களும் தீமையானவை அல்ல. பகலில் விளக்கொளியில் பாசியின்மேல் முத்துமுத்தாய் நிற்பது, பாசி வெளியிடும் பிராணவாயு. மார்கழிக் குளிரில் குழாய்த்தண்ணீரைச் சுத்திகரித்து உடனே ஊற்றினால், அது தொட்டியின் 25, 26 பாகை வெப்பத்திற்கு ஏறும்போது, கரைந்திருந்த வாயு பிரிந்து கண்ணாடியெங்கும் படியும். ஒரு நாள் முன்னதாகவே நீரை எடுத்து, உப்பைக் கலக்கி, வெப்பத்தைச் சமப்படுத்தி வைத்தால் இது நேராது. புதிய பாறைகளின் துளைகளில் சிக்கிய காற்றும் சில நாட்கள் வெளிவரும். பாறை என்றதும் ஒரு எச்சரிப்பு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையை யாராவது கொடுத்தாலும் வாங்காதிருங்கள். பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செயற்கைப் பாறையே போதும்.

இவையன்றி இரவும் பகலும் ஓயாமல் குமிழ் வந்தால் கருவிகளை ஆராயவேண்டும். முதலில் ஸ்கிம்மரை மட்டும் நிறுத்தி ஐந்து நிமிடம் கவனியுங்கள். குறையவில்லையானால் அதை மறுபடி ஓட்டிவிட்டு, அடுத்த கருவியை நிறுத்துங்கள். எதை நிறுத்தும்போது நீர் தெளிகிறதோ அங்கேதான் குறை. எல்லாவற்றையும் ஒரேயடியாய் நிறுத்தினால் ஒன்றும் விளங்காது.

ஸ்கிம்மர்: புதிய கருவி முதல் ஓரிரு வாரங்கள் அடங்காமல் குமிழைத் தள்ளும். உட்புறத்தில் மெல்லிய படலம் படிந்தபின் தானாகவே அடங்கும். சோப்பு, கைக்குப் பூசும் கிரீம், சமையலறை எண்ணெய் ஆகியவை பட்ட கையைத் தொட்டிக்குள் விட்டாலும் அதன் நுரை தாறுமாறாகும்.

அடித்தொட்டி: தொட்டியின் கீழே வடிகட்டிகளை வைக்கும் பெட்டியையும் ‘சம்ப்’ என்றே அழைக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் நிலத்தடியில் இருக்கும் சம்ப் அன்று. பெங்களூரின் வறண்ட பங்குனி, சித்திரை நாட்களில் இதன் நீர் வேகமாய் ஆவியாகிறது. மட்டம் தாழ்ந்தால், மேலிருந்து விழும் நீர் அருவிபோல் இரைந்து காற்றைக் கலக்கும். மோட்டாரின் வாயருகே சுழி உண்டாகிக் காற்றை உறிஞ்சும். சரியான மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு வைத்து, நாள்தோறும் அதுவரை நிரப்புங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகையால் உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்றவேண்டும். இல்லாவிட்டால் உவர்ப்பு ஏறி மீன்கள் துன்பப்படும். நீர் விழும் குழாயின் முனை மட்டத்திற்குச் சற்றே கீழிருந்தால் இரைச்சலும் குமிழும் குறையும்.

குழாய் இணைப்பு: இதுதான் கண்ணுக்குத் தப்பும் குறை. மோட்டாருக்கு அப்பாலுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே சொட்டும், உடனே தெரிந்துவிடும். மோட்டாருக்கு முன்னேயுள்ள உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தாலோ ஒரு சொட்டும் வெளியே வராது. தரை உலர்ந்திருக்கும், குழாய் நலமாயிருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த நுண்ணிய வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். சந்தேகமான இணைப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். குமிழ் குறைந்தால் இடம் அகப்பட்டது. ரப்பர் வளையத்தை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி இறுக்கினால் தீர்ந்தது.

மின்வெட்டுக்குப்பின் மின்சாரம் வரும்போது குழாய்களில் தங்கிய காற்று ஒரு வீச்சாய் வெளிவரும். சில நிமிடங்களில் அது அடங்கிவிடும், கலங்கவேண்டாம். மோட்டார் நின்றதும் மேலிருந்து இறங்கும் நீருக்கு அடித்தொட்டியில் இடம் விட்டு வையுங்கள்.

இந்தக் குமிழ்கள் உயிரையும் வாங்கக்கூடும். உறிஞ்சப்பட்ட காற்று மோட்டாரின் அழுத்தத்தில் அளவுக்கு மீறி நீரில் கரைந்தால், அது மீனின் இரத்தத்தில் புகுந்து, செட்டைகளிலும் கண்களிலும் குமிழாய் வெளிப்படும். ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலேறும் மூழ்குநருக்கு வரும் வாதைக்கு இது ஒப்பானது. கண் பிதுங்கினாலோ, செட்டையில் குமிழ் தெரிந்தாலோ அன்றே ஓட்டையைத் தேடுங்கள். அதற்காக நீரோட்டத்தையே நிறுத்திவிடாதீர்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவான பிராணவாயுவையே தாங்கும். கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள நம் நகரத்தில் காற்றழுத்தமும் பத்திலொரு பங்கு குறைவு. குமிழுக்குப் பயந்து நீரின் மேற்பரப்பு அசையாமல் விட்டால், மீன்கள் இரவிலேயே மூச்சுத்திணறும்.

பிள்ளைகளுள்ள வீட்டில் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். உடையும் குமிழ் ஒவ்வொன்றும் உப்புத்துளியைத் தெறிக்கிறது. அது வயரிலும் பிளக்கிலும் வெண்மையாய்ப் படிந்து மின்சாரத்திற்கு வழியாகும். வயர் பிளக்கிற்குக் கீழே தொங்கி மேலேறும்படி வைத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கவே வேண்டாம். கையை விடுமுன் மின்சாரத்தை அணையுங்கள்.

மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் அதன் உயிர் நம் பொறுப்பு. வளர்க்கும் ஜீவனைப் பேணுவது நீதிமானின் லட்சணம் என்பதே நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரத்தின் போதனை.

பிரியமானவர்களே, சொட்டும் ஓட்டையைவிட உறிஞ்சும் ஓட்டை மோசமானது. நம் குடும்பங்களிலும் அப்படியே. கடன், குடி, வெளிப்படையான சண்டை ஆகியவை சொட்டும் ஓட்டைகள். சபையாரும் அறிவார்கள், ஜெபிப்பார்கள். ஆனால் ஞாயிறு ஆராதனை தவறாது, தசமபாகம் தவறாது, தரை உலர்ந்தே இருக்கிறது, ஆனாலும் வீட்டில் சமாதானம் கலங்கியிருக்கிறது என்றால், எதையோ உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறோம். அண்டை வீட்டாரின் புதிய காரைப் பார்த்து வந்த பொறாமையோ, பத்து ஆண்டுகளுக்குமுன் ஊரில் மைத்துனர் சொன்ன ஒரு வார்த்தையின் கசப்போ, இரவில் தனியே கைப்பேசியில் காணும் காட்சியோ அதுவாயிருக்கலாம். மனைவியின்மேல் எரிந்துவிழுவதும் பிள்ளையை அடிப்பதும் தொட்டிக்குள் மருந்தை ஊற்றுவதற்குச் சமம். எல்லாவற்றிற்கும் மேலாக இருதயத்தைக் காவல்செய்யும்படி நீதிமொழிகள் 4-ஆம் அதிகாரம் புத்தி சொல்லுவதும் இதனாலேயே.

இம்மாதத்தில் ஓர் இரவு குடும்ப ஜெபத்திற்குப்பின் கணவனும் மனைவியும் தனித்து அமர்ந்து, ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல், இந்த வீட்டிற்குள் எது எவ்வழியாய் நுழைகிறது என்று நிதானித்துப் பாருங்கள். இடம் அகப்பட்டால் அதை அடைப்பது அரிதன்று. பரிசுத்த ஆவியானவர்தாமே அந்த இடத்தைக் காண்பித்து, உங்கள் இல்லத்தைத் தெளிந்த நீரைப்போல் ஆக்குவாராக. ஆமென்.