தவறு யாருடையது?

மழை பெய்த ஒரு மாலையில் கொரட்டூரில் மின்சாரம் தடைப்பட்டது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கை, ஆறாம் வகுப்பு மாணவி, அப்பாவின் கைப்பேசியில் இணைய விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை சிவந்தது. “தவறான செயல்! நீ வெளியேற்றப்பட்டாய்!” என்று ஆங்கிலத்தில் எழுத்துகள் தோன்றின. கைப்பேசியைக் கெடுத்துவிட்டோமோ என்று நடுங்கிய அச்சிறுமி, அதைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தாள். அப்பா கேட்டபோது, “நான் எடுக்கவே இல்லை” என்று பொய்யும் சொன்னாள். உண்மையில் நடந்தது என்ன? மின்சாரம் நின்றதால் வீட்டின் இணைய இணைப்பு அறுந்துபோனது. அவ்வளவே!

குற்றமே செய்யாத பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது அந்தச் சிவப்பு எழுத்து அல்லவா?

இது இன்று தோன்றிய குறையன்று. விண்டோஸ் 95 இயங்கிய கணினிகளில் ஒரு செயலி பழுதாகி நின்றால், “சட்டவிரோதமான செயல்” நடந்துவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும். பிழை செயலியினுடையது; பதறியவரோ எதிரில் அமர்ந்திருந்தவர்!

எங்கள் பாட்டிமார் வேறோர் அறிவிப்பை நினைவுகூர்வார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால், “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அட்டை தோன்றுமாம். அது பார்ப்பவர் மீது பழி போடவில்லை. ஆயினும், தடங்கல் எதனால் வந்தது, எப்போது தீரும் என்றும் சொல்லவில்லை. பணிவு இருந்தது, தெளிவு இல்லை.

இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் 1994-ஆம் ஆண்டு வகுத்த பத்து நெறிகளுள் ஒன்பதாவது இதைத்தான் கூறுகிறது: பிழையை எளிய சொற்களில் சொல், எது பிழை என்று காட்டு, தீரும் வழியையும் கூறு. 2014 முதல் குரோம் உலாவியில் இணைப்பு இல்லாதபோது ஒரு குட்டி டைனோசர் தோன்றுகிறது. இணைப்பு இல்லை என்று சொல்லி, எதைச் சரிபார்ப்பது என்றும் காட்டி, காத்திருக்கும் நேரத்தில் ஆடிக்களிக்க ஓர் ஆட்டமும் தருகிறது!

“அடியாத மாடு படியாது, ஏமாற்றி ஆடுபவரைக் கண்டிக்க வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த விதியை மீறினார் என்று சொல்லிக் கண்டிக்கட்டும். மின்தடைக்கும் மோசடிக்கும் ஒரே சிவப்பு எழுத்து எதற்கு?

“இணைப்பு அறுந்துவிட்டது. உங்கள் புள்ளிகள் பத்திரமாக உள்ளன. சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள்.” இப்படி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இதைக் கண்டிருந்தால் அந்தச் சிறுமி கைப்பேசியை ஒளித்திருக்க மாட்டாள்.

எங்களுள் சிலர் நாளை அருகிலுள்ள அம்பத்தூரின் மென்பொருள் நிறுவனங்களில் இத்தகைய அறிவிப்புகளை எழுதக்கூடும். அன்று இதை மறவாதிருப்போம். அதுவரை, வீட்டில் தம்பி தங்கையர் கையில் ஏதேனும் உடைந்தால், “யார் உடைத்தது?” என்று அதட்டுமுன், “என்ன நடந்தது?” என்று கேட்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி