கேரம் போர்டைத் துரத்திய டிரோன்! ஊரடங்கில் ஆட்டம் பிழைத்தது எப்படி?

மரத்தடியில் ஒரு கேரம் போர்டு. சுற்றிலும் வாலிபர்கள். தலைக்கு மேலே 'கொய்ங்' என்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், போலீஸ் டிரோன்!

எடுத்தார்கள் ஓட்டம்!

2020 ஏப்ரலில் திருப்பூரில் நடந்த சம்பவம் இது. கேமராவில் முகம் விழாமல் இருக்க, கேரம் போர்டையே கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்து முடித்தாயிற்று. இப்போது ஒரு கேள்வி கேட்போம். அந்த வாலிபர்கள் குற்றவாளிகளா? இல்லை, ஆட இடம் இல்லாமல் தவித்த ஆட்டக்காரர்களா?

கிளப்பில் பூட்டு!

2020 மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. டீக்கடை பெஞ்சு காலி. தியேட்டர் காலி. கேரம் கிளப்புக்கும் பூட்டு.

வட சென்னைக்கு இது சின்ன விஷயம் அல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் கேரம் என்றால் சும்மா பொழுதுபோக்கா? அது ஒரு மரியாதை. ஏழை வீட்டுப் பிள்ளை உலகம் சுற்ற ஒரு வழி.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 2 முறை உலக சாம்பியன். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சு நாட்டின் கான் நகருக்குப் போய் உலகப் பட்டத்தோடு திரும்பியவர்.

இவர்களை உருவாக்கியது பெரிய ஸ்டேடியம் அல்ல. ஒரு சின்ன அறை. இரண்டு, மூன்று போர்டு. மேலே தொங்கும் ஒரு பல்பு. ஆடுபவர் நாலு பேர், வேடிக்கை பார்ப்பவர் பத்து பேர். அவ்வளவுதான்.

அந்த அறைதான் கொரோனாவுக்கும் வசதியான இடம். அதுதான் சிக்கல்!

மூன்றடியில் எதிராளி!

கேரம் பலகையின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர். சுமார் இரண்டரை அடி. சட்டத்தையும் சேர்த்தால் மூன்றடி என்று வையுங்கள். எதிரே உட்காருபவர் மூச்சு விட்டால் நம் முகத்தில் படும். அரசாங்கம் சொன்னதோ 6 அடி இடைவெளி!

காய்கள் 19. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. நாலு பேரும் தொடுகிற காய். தெரு ஆட்டத்தில் பல சமயம் ஸ்டிரைக்கரும் ஒன்றுதான். பயம் வராமல் என்ன செய்யும்?

பயம் வீண் பயமும் அல்ல. அதே 2020 ஏப்ரலில் நம் பக்கத்து மாநிலங்களில் என்ன நடந்தது?

தெலுங்கானாவில் சூர்யாபேட்டை. அங்கே 'அஷ்டா சம்மா' என்று ஒரு ஆட்டம். நம் ஊர் தாயம் மாதிரி, சோழி உருட்டி காய் நகர்த்துவது. ஒரு பெண் அக்கம் பக்கத்தாரோடு உட்கார்ந்து ஆடினார். அவர் மூலம் 31 பேருக்கு நோய் பரவியது என்று செய்தி வந்தது.

ஆந்திராவில் விஜயவாடா. ஒரு லாரி டிரைவர் பொழுது போகவில்லை என்று நண்பர்களோடு சீட்டாடினார். 24 பேருக்கு கொரோனா! மாவட்ட கலெக்டரே இதைச் சொல்லி எச்சரித்தார்.

ஆக, போலீசார் விரட்டியதிலும் நியாயம் இருந்தது.

கழுவியது காயை! மறந்தது காற்றை!

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் சேர்ந்து கோட்டை விட்டோம்.

அப்போது எல்லாரும் பயந்தது கையைப் பார்த்து. காயைத் துடை, பலகையைத் துடை, சானிடைசர் போடு என்றார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் கணக்குப் போட்டுச் சொன்னது. கிருமி ஒட்டிய ஒரு பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு!

பெரிய எதிரி காற்றுதான். மூடிய அறையில் பலர் கூடி, மணிக்கணக்கில் பேசி, கத்தி, சிரிக்கும்போது பரவும் மூச்சுக் காற்று.

இதை வைத்துப் பார்த்தால், மரத்தடி ஆட்டத்தைவிட கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஆட்டமே அதிக ஆபத்து. டிரோன் பார்ப்பது மரத்தடியை. ஓட்டுக் கூரைக்குக் கீழே அது பார்க்க முடியுமா? மைதானத்திலிருந்து விரட்டினால் ஆட்டக்காரன் எங்கே போவான்? உள்ளறைக்குத்தான்.

'ஆடாதே' என்ற உத்தரவு வந்தது. 'இப்படி ஆடினால் ஆபத்து குறைவு' என்று சொல்ல ஆள் இல்லை.

ஊரடங்கை மீறியதாக மாநிலம் முழுவதும் வழக்குகள் குவிந்தன. சுமார் 10 லட்சம்! 2021 பிப்ரவரியில், சில வகை வழக்குகள் தவிர மற்றவை வாபஸ் என்று அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வழக்கு போனது. பூட்டிய கிளப்புக்கு வாடகை யார் கட்டுவது?

வீட்டுக்குள் வந்த போர்டு!

அப்படியானால் ஆட்டம் பிழைத்தது எப்படி?

முதல் பதில்: வீடு. கட்டிலுக்கு அடியில் கிடந்த போர்டு வெளியே வந்தது. எதிராளி யார்? அக்கா, தம்பி, அப்பா, அம்மா. ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறவர்கள். புதிதாக ஆபத்து ஒன்றும் இல்லை.

போரிக் பவுடர் தீர்ந்தால் முகத்துக்குப் போடும் பவுடர். அது ஈரத்தில் பிசுக்கென்று ஒட்டும். பரவாயில்லை, ஆட்டம் நடந்ததே!

பரணில் இருந்த பல்லாங்குழியும், தாயக்கட்டையும், பரமபதமும் இப்படித்தான் கீழே இறங்கின. ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே கிளப்பில் உட்காரத் தயங்கும் பெண் பிள்ளைக்கும் வீட்டுப் போர்டில் இடம் உண்டு.

இரண்டாவது பதில்: செல்போன். செஸ்சுக்கு அது கைகொடுத்தது. குதிரை எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று சொன்னால் போதும், ஆட்டம் கடல் தாண்டியும் நடக்கும். விசுவநாதன் ஆனந்த் ஜெர்மனியில் சிக்கிக்கொண்டு 2020 மே மாத இறுதியில்தான் நாடு திரும்பினார். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாட். இறுதி ஆட்டத்தில் இன்டர்நெட் காலை வாரியது! கடைசியில் இந்தியாவும் ரஷியாவும் கூட்டு சாம்பியன்.

லூடோவுக்கும் யோகம். 'லூடோ கிங்' செயலியில் நாள் ஒன்றுக்கு 5 கோடி பேர் வரை ஆடியதாக அதை உருவாக்கியவர் சொன்னார்.

கேரமும் போனுக்குள் போனது. ஆனால் கண்ணாடியில் விரலைத் தேய்ப்பது கேரமா? ஸ்டிரைக்கரின் கனம் அதில் ஏது? மழை நாளில் பலகை மந்தமாவது ஏது? ரெட்டு போட்டுவிட்டு ஃபாலோவுக்குக் குறி வைக்கும்போது விரல் நடுங்குமே, அது ஏது? போனில் ஆட்டத்தின் ஞாபகம் பிழைத்தது. விரல் வித்தை பிழைக்கவில்லை.

பணம் பறித்த ஆட்டம்!

அதே போனில் இன்னொரு கதவும் திறந்தது. பணம் கட்டி ஆடும் ரம்மி!

வேலை இல்லை. வெளியே போக முடியாது. கையில் போன். பலர் பணத்தைத் தொலைத்தார்கள். கடனாளி ஆனார்கள். தற்கொலைச் செய்திகளும் வந்தன. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2021 ஆகஸ்டில் ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. 2023-ல் மறுபடி சட்டம். அந்த நவம்பரில், திறமை ஆட்டமான ரம்மிக்கு அந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பு. கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக பாராளுமன்றமே சட்டம் போட்டது.

கிளப்பில் ஒருத்தன் சம்பளத்தை வைத்து ஆடினால் 'டேய், எழுந்து வீட்டுக்குப் போடா' என்று அதட்ட ஒரு அண்ணன் இருப்பார். போனில் அந்த அண்ணன் இல்லை. தெரு ஆட்டத்தை மூடும்போது, அந்தக் காவலையும் சேர்த்து மூடிவிட்டோம்.

அடுத்த முறை என்ன செய்வது?

நோய் மறுபடி வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அதனால் இப்போதே சொல்லி வைப்போம்.

ஆட்டம் திறந்த வெளியில், காற்றோட்டத்தில் நடக்கட்டும். தினமும் அதே நாலு பேர்தான், புது ஆள் கிடையாது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாது. ஆளுக்கு ஒரு ஸ்டிரைக்கர். இருமல், ஜுரம் என்றால் வீட்டில் இருக்கணும். நோய் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வீட்டு ஆட்களோடு மட்டும் ஆட்டம். இதை நோட்டீஸ் அடித்து ஒட்ட எவ்வளவு செலவாகும்?

ஜன்னல் இல்லாத கிளப் அறைகளுக்குப் பதிலாக, வார்டுக்கு ஒரு காற்றோட்டமான இடத்தை மாநகராட்சி ஒதுக்கலாம். சமுதாயக் கூட வராந்தா போதும்.

'கேரமுக்குப் போய் இவ்வளவா?' என்கிறீர்களா? புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமாவைப் பாருங்கள். ஆட்டோ டிரைவர் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம்! தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 17.

அப்படியானால் ஊரடங்கு வந்தபோது 12, 13 வயது. விரல் பழகும் வயது. அந்த வயதில் போர்டு கிடைக்காமல் கையைவிட்டு ஆட்டம் நழுவிய பிள்ளைகள் எந்தெந்தத் தெருவில் எத்தனை பேரோ? அவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் வராது.