எண்ணெய்ப் புட்டி சொல்லாத செய்தி

கத்தரிக்காய்க்காக நாடு கிளர்ந்தெழுந்தது நினைவிருக்கிறதா, தோழர்களே! மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் புகுத்தி, காயைத் துளைக்கும் புழுவை அச்செடியே மாய்த்திடச் செய்தனர் விஞ்ஞானிகள். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்கும் அப்பணியில் பங்குண்டு. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு இசைவு தந்தது. ஆயினும் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் அவை கூட்டினார். உழவர் பேசினர், ஆய்வாளர் பேசினர், கூச்சலும் குழப்பமுங்கூட இருந்தன. இருக்கட்டுமே! மக்கள் உண்ணப்போகும் பொருளைப்பற்றி மக்களையே கேட்டனர் அன்றோ! 2010 பிப்ரவரி 9-ல் பி.டி. கத்தரி நிறுத்தி வைக்கப்பட்டது.

தலைவாயிலில் கத்தரி நின்றது. கொல்லைப்புற வழியே உள்ளே நுழைந்தது எது?

பருத்தி! 2002-லேயே இசைவு பெற்ற பி.டி. பருத்தியில் இருந்ததும், பின்னர்க் கத்தரியில் புகுத்திய அதே மரபணுதான். உடுக்கும் பொருள்தானே, உண்ணும் பொருளா என்று ஊர் கண்ணயர்ந்தது. பஞ்சு நூற்பாலைக்குப் போயிற்று; கொட்டையோ எண்ணெய் ஆலைக்குப் போயிற்று. எண்ணெய் வாணலிக்கு வந்தது, பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கு. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளையும் சோயா பெரும்பாலும் மரபணு மாற்றியதே. அதன் எண்ணெயும் கப்பலேறி வந்து நம் அடுக்களையில் குடிபுகுந்துவிட்டது. இதற்கு எந்த நகரில் அவை கூட்டினர்?

நஞ்சு, நஞ்சு என்று நாம் கூவவில்லை. சான்றின்றி அச்சத்தைப் பரப்புவது பகுத்தறிவாளர் பணியன்று. சோதித்து விற்பனைக்கு வந்துள்ள இவ்வகை உணவுகளால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றும் அதுவே கூறுகிறது. சுத்திகரித்த எண்ணெயில் அந்த மரபணுவின் சுவடு ஏறத்தாழ இராது என்பதும் உண்மை. மெத்தச் சரி! குற்றமற்ற பண்டமாயின், அதன் குலத்தைச் சொல்லக் கூச்சம் ஏன்? ஐரோப்பாவில் சுவடே தெரியாத எண்ணெயாயினும் மூலப்பொருள் மரபணு மாற்றியது என்று எழுதியே விற்கவேண்டும்.

இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, விதிமுறைப்படியன்றி மரபணு மாற்றிய உணவை விற்கலாகாது என்கிறது. 2013 சனவரி முதல் நாள் தொட்டு, இத்தகைய உணவுப் பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என்ற ஈரெழுத்து இருக்கவேண்டும் என்பதும் விதி. விதி ஏட்டில் இருக்கிறது. எழுத்து எங்கே?

வெறும் எழுத்துத்தானே என்போர், 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கட்டும். கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே இசைவு பெற்ற ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் மாந்தர் உண்ணும் பண்டங்களில் கலந்திருந்தது. ஒவ்வாமை வருமோ என்ற ஐயத்தால் கடைகளிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. நாளை இங்கே ஓர் ஐயம் எழுந்தால், எதை உண்டவர் யார் என்று எந்தக் கணக்கைப் புரட்டுவது?

செக்கெண்ணெய் வாங்க வசதியுள்ளவர் விலகிக்கொள்வர். அன்றாடக் கூலியில் அரைக்கால் லிட்டர் சில்லறையாக வாங்கும் தாய்க்குப் புட்டியும் இல்லை, முகப்பும் இல்லை. ஆகவே ஆலையிலிருந்தே அடையாளம் புறப்படவேண்டும். தகர டின்னிலும், கடைப் பலகையிலும் அது தமிழில் இருக்கவேண்டும். வரும் கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்கி, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தோழர்கள் நேரில் சென்று கொடுக்கட்டும்.