புது அடுக்களை – 4: ஈரமும் வேணும், கொசுவும் கூடாது

போன இதழில் சுவர் எழும்பியது வரை எழுதியிருந்தேன். இப்போது தளம் போட்டாச்சு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடியோடு வரும் உறவுக்காரங்க நம்ம வீட்டில்தான் தங்குவாங்க. "முட்டை எப்போ பிரிப்பீங்க?" என்று தினமும் மேஸ்திரியை நச்சரிக்கிறார் மாமியார்.

இதில் அவசரம் ஆகாது, சகோதரிகளே! சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும், பலம் குறையும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், எங்க ஊர் வெயிலுக்கு 10 நாள் ஈரம் வேணும். பத்தடி அகல அறைக்கும் 7 நாளுக்கு முன் முட்டுக் கம்புகளை எடுக்கக் கூடாது.

ஆனால், தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீரும், தொட்டித் தண்ணீரும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். டெங்குவைப் பரப்பும் இது, முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்:

* வாரம் ஒரு முறை தொட்டி, டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது.
* பாத்திக்குப் பதில் ஈரச் சாக்கு விரிக்கலாம்.
* பகலில் கடிக்கும் கொசு இது. தூங்கும் குழந்தைக்கு மத்தியானமும் வலை கட்டுங்கள்.
* ஜுரம் வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். டெங்குவில் ஆஸ்பிரின் ரத்தக் கசிவை அதிகமாக்கும், நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழில், அடுப்பு மேடை நம் இடுப்பு வலிக்காத உயரத்தில் அமைவது எப்படி என்று பார்ப்போமா?