பழைய பந்தயக் கார் வாங்கலாமா?

ஆசைக்கு வயதில்லை என்பார்கள். ஆனால் சில ஆசைகள் வயது பார்த்தே வருகின்றன. பத்து வயதில் சைக்கிள், பதினைந்தில் மோட்டார் சைக்கிள், பதினெட்டு நெருங்க நெருங்கக் கார்! அதுவும் அப்பா ஓட்டுவது போன்ற அடக்கமான கார் அன்று. தரையோடு பதுங்கி, உறுமிக்கொண்டு பாயும் பந்தயக் கார். இந்த ஆசை ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று பெரியவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தோழியரே, எங்கள் வகுப்பில் கணக்கு நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். எத்தனை கார்ப் படங்கள்!

ஆகவே, ஆசைப்படுவதே தவறு என்று உபதேசிக்க இக்கட்டுரையை நாங்கள் எழுதவில்லை. உபதேசம் செய்ய நமக்கு ஆசிரியைகள் இருக்கிறார்கள்.

புதிய பந்தயக் காரின் விலையை நம் வீடுகளில் சொன்னால் சிரிப்பார்கள். எனவே இளைஞர்கள் பழையதைத் தேடுகிறார்கள். நம் நாட்டில் உண்மையான பந்தயக் கார்கள் சாதாரண மக்களுக்கு விற்கப்பட்டது மிகக் குறைவு. ஆதலால் வேகமாக ஓடக்கூடிய பழைய கார்களே இங்கு ‘ஏழையின் பந்தயக் கார்’ என்னும் பட்டத்தைப் பெற்றிருக்கின்றன. பியட் பாலியோ 1.6, போர்டு ஐகான் 1.6, முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியில் வந்த வி-டெக் ஆகியவற்றின் பெயர்களை இன்றும் பக்தியோடு உச்சரிக்கும் அண்ணன்மார் உண்டு. கோவாவில் தயாரான ‘சான் ஸ்டார்ம்’ என்னும் கூரை மடக்கும் இருவர் கார் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். இவையெல்லாம் இப்போது உற்பத்தியில் இல்லை. விலை மலிந்ததற்கு அதுவே ஒரு காரணம்.

இந்தக் கார்களைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நாங்கள் கொல்லிமலைப் பெண்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குப் பேருந்தில் போனாலும், நோயாளியை நாமக்கல்லுக்குக் கொண்டு சென்றாலும், பலாப்பழமும் மிளகும் சந்தைக்கு இறங்கினாலும் பெரும்பாலும் அந்த வளைவுகள்தாம். விடுமுறை நாள் வந்துவிட்டால் அதே வளைவுகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் வருகிறார்கள். சைலன்சரை மாற்றிய கார் ஒன்று மூன்று வளைவுக்குக் கீழே வரும்போதே எங்களுக்குக் கேட்டுவிடும். அப்போது சாலையோரம் பழம் விற்கும் பாட்டி முதலில் கூடையை உள்ளே இழுத்துவிட்டு, பிறகுதான் தானும் ஒதுங்குவார். அவருக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரியும்!

எங்கள் மலையில் ஓட்டப்பந்தயம் புதிதன்று என்று தமிழாசிரியை சொல்வார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டவன். அவன் குதிரையின் பெயரும் ஓரி. அவனை வென்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த காரி என்பவனும் ஒரு வள்ளலே. அவன் குதிரையின் பெயர் காரி. வண்டிக்குத் தன் பெயரையே சூட்டும் மோகம் அன்றே இருந்திருக்கிறது பாருங்கள். காரி என்னும் பெயர் இக்கட்டுரையில் பின்னால் மறுபடியும் வரும்.

இனிக் காருக்கு வருவோம். எங்களுள் ஒருத்தியின் அண்ணனுக்கு 19 வயது. இரண்டு ஆண்டு மிளகுப் பணம் வீட்டில் இருக்கிறது. நாமக்கல்லில் ஒரு கன்சல்டிங்கில் சிவப்பு நிறப் பழைய கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் சோறு தண்ணீர் இறங்காமல் இருந்தார். ஒன்றே கால் லட்சம் என்றார்களாம். ‘ஒரு புதிய மோட்டார் சைக்கிள் விலைக்குக் கார்!’ என்பது அவருடைய வாதம். அந்தப் பணத்தில்தான் தங்கையின் மேல்நிலை வகுப்பு விடுதிச் செலவும் அடங்கியிருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. தங்கை எங்களிடம் சொன்னாள்.

நாங்கள் அவர் மீது கோபப்படவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. கார் ஏன் மலிவாக இருக்கிறது? எஞ்சின் ஓடுகிறது, பெயின்ட் பளபளக்கிறது, பாட்டும் பாடுகிறது. அப்படியானால் விலை எங்கே குறைந்தது? விற்பவர் செலவழிக்காமல் விட்ட இடத்தில்தான் குறைந்திருக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடமாகவே இருக்கும்: பிரேக், டயர், ஸ்டியரிங் மூட்டுகள், ஷாக் அப்சார்பர். சமவெளியில் இவற்றின் குறையைப் பல மாதம் மறைத்து ஓட்டலாம். 70 வளைவு மறைக்க விடாது.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தோம். கார் 1000 கிலோ எடை, இறக்கம் 1000 மீட்டர் என்று கொள்வோம். அந்த உயரத்தில் காருக்குள் அடங்கியிருக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 98 லட்சம் ஜூல். அடிவாரத்தில் கார் நிற்கும்போது அவ்வளவும் எங்காவது போய்த் தீர வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக்கில்தான் ஏறும். ஓட்டுபவர் வேகத்தை இரட்டித்தால் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். சூடேறும்போது குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் போல ஆவி அழுத்தத்தைத் தாங்காது, சுருங்கிவிடும். காலை வைத்தால் பெடல் மெத்தையில் அமிழ்வது போல உள்ளே போகும், கார் நிற்காது. மலையேறியபோது சரியாக இருந்த பிரேக் இறங்கும்போது இல்லாமற் போவது இதனால்தான். பேயும் இல்லை, முனியும் இல்லை.

எங்கள் ஊர்ப் பேருந்தின் டிரைவர் அண்ணா இதற்கெல்லாம் ஜூல் கணக்குப் போடுவதில்லை. ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்பார், அவ்வளவுதான். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் குளிர்ந்திருக்கும். மேலே ஏறிவரும் வண்டியைக் கண்டால் இறங்கும் அவர் ஒதுங்கி நிற்பார். அகலம் குறைந்த மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலும் இருக்கிறது. பந்தயக் கார் இளைஞர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

தோழியின் அண்ணனிடம் நாங்கள் சொன்னது இதுதான்: காரைப் பார்க்கப் போகும்போது பானட்டைத் திறப்பதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1114 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் ரப்பர் முதுமையில் இறுகிப்போயிருக்கும். ஈரச் சாலையில் பிடிக்காது. எங்கள் மலையில் மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. பிறகு ஆர்.சி. புத்தகம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பின் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. கன்சல்டிங்காரர் காட்டும் மெக்கானிக்கை நம்பாமல், நாமே ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். லாரிக் கூண்டு கட்டுவதில் நாடறிந்த ஊர் நாமக்கல். அங்கே நல்ல மெக்கானிக்குக்கா பஞ்சம்? உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக போர்டு நிறுவனம் 2021இல் அறிவித்தது. நிறுத்திய மாடலுக்குப் பாகம் தேடி அலைவதில் மிளகுப் பணம் கரைந்துபோகும்.

இவ்வளவும் பார்த்து, பிரேக்குக்கும் டயருக்கும் ஆகும் செலவைக் கூட்டினால் ஒன்றே கால் லட்சம் அந்த இடத்தில் நிற்காது. அந்தக் கூடுதல் பணம் கையில் இல்லாதவருக்கு அந்தக் கார் மலிவானதே அன்று. மீதி விலையை வளைவில் கூடையை இழுக்கும் பாட்டி கொடுக்க நேரிடும் என்பதே எங்கள் கட்சி.

19 வயது அண்ணனுக்காவது சட்டம் இடம் கொடுக்கிறது. 18 நிரம்பாதவருக்குக் கார் ஓட்டும் உரிமமே கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அவர் காரை விலை பேசி ஒப்பந்தம் செய்தாலும் செல்லாது. ஆகவே அப்பாவின் பெயரில் வாங்கி மகன் ஓட்டுவது வழக்கமாயிற்று. இந்த வழக்கத்தைத்தான் 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பிடித்தது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. செல்லம் கொடுக்கும் அப்பாக்கள் இதை வாசிப்பது நல்லது. ஆண்டு மலர் வீட்டுக்கு வரும்போது இப்பக்கத்தை மேலாக வைத்துவிடுங்கள், தோழியரே.

2024ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் புனே நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். சிறார் நீதிக் குழுமம் அன்றே ஜாமீன் வழங்கியது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. நாடே கொதித்தெழுந்த பின் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. மாதந்தோறும் கட்டுரை எழுதும் எங்களுக்கு 300 சொல் எவ்வளவு என்று தெரியும். முக்கால் மணி நேர வேலை. இரண்டு உயிருக்கு முக்கால் மணி நேரம்!

அப்படியானால் பணமில்லாத இளைஞர் வேகத்தை எங்கே போய் அனுபவிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் விடை கண்டிருக்கிறார். அவர்தாம் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். நண்பர்கள் அவரைக் ‘காரி’ என்றே அழைத்தனர். வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்கச் சிலருக்கே வசதியிருந்த காலம் அது. அவர் மாருதி 800 காரின் சிறிய 796 சி.சி. எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். ‘பார்முலா மாருதி’ என்று 1980களின் இறுதியில் பெயர் பெற்ற அந்தக் கார்களின் சிறப்பு வேகமன்று. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். ஆகவே பணம் வெல்லாது, கைத்திறன் வெல்லும். பாகங்களும் மலிவு. அவை ஓடியது பந்தயத்துக்கென்று அமைத்த தளத்தில். எதிரே பேருந்து வராது, பாட்டியும் இருக்கமாட்டார்.

கோவை நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியில்தான். 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். கரிவர்தன் அதைக் காண இல்லை. 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு தளம் உண்டு. சாலையிலேயே ஓட்ட வேண்டுமென்றாலும் முறை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, போக்குவரத்தை நிறுத்தி, தடுப்புச் சுவர் எழுப்பிய பிறகே கார்கள் பறந்தன.

‘பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பாருக்குச் சென்னை அலிஷா அப்துல்லாவைக் காட்டுவோம். சிறு வயதிலேயே கார்ட் வண்டியில் தொடங்கி, மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டவர். அவர் பழகியது தளத்தில். மிளகுப் பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு தளத்தில் சில நாள் முறையான பயிற்சி பெற்றால், அந்தச் சிவப்புக் காரைவிட அதிகமாகக் கற்கலாம் என்று தோழியின் அண்ணனிடம் சொன்னோம். ‘கோவைக்குப் போய்வர முடியுமா?’ என்றார். அதுவும் சரியான கேள்விதான்.

எனவே மாவட்டப் பெரியவர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்று. நாமக்கல் சமவெளியில் ஒரு சிறு கார்ட் ஓடுதளம் அமைக்க இடமா இல்லை? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வளைவுகளில் உறுமுகிறவர்கள் அங்கே உறுமட்டும். அமைந்தால் முதல் நாளே வந்து நிற்க எங்கள் வகுப்பில் இதுவரை 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அண்ணனின் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதி வைத்திருக்கிறாள் தங்கை.