மல்லித் தோட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி

"மருந்தடிப்பதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை, தாமதத் திருமணமும் தாய்ப்பால் கொடுக்காததுமே காரணம்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவை காரணங்கள்தாம், அவை மட்டுமே அல்ல. வளர்ந்த பெண்களிடம் தொடர்பு தெரியாத ஆய்வுகளையே அவர் காட்டுகிறார். எந்த வயதில் நஞ்சு பட்டது என்பதல்லவா கேள்வி?

கலிபோர்னியாவில் 1959–67இல் சேகரித்த ரத்தத்தை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் கேட்டது. 14 வயதுக்குள் டி.டி.டி. பூச்சிக்கொல்லி பட்டு, ரத்தத்தில் அது மிகுந்திருந்தோருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. அந்த வயதைக் கடந்தபின் பட்டோரிடம் அந்த உயர்வு இல்லை.

சத்தியமங்கலத்து மல்லிக்கு அடிக்கும் மருந்துகள் வேறு. ஆனால் பாடம் அதுவே. மொட்டுப் பறிக்கும் தாயோடு தோட்டத்துக்கு வரும் சிறுமியைக் கணக்கில் எடுக்காமல் "தொடர்பில்லை" என்பது அறிவியல் அல்ல, அவசரம். மருந்தடித்த வயலில் எப்போது இறங்கலாம் என்று முதலில் அறிவியுங்கள். பழியைப் பெண்கள்மீது பிறகு சுமத்தலாம்.