வரலாறு இல்லாதவரின் பணம்

இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள், போய் இறங்கிய சில வாரங்களுக்குள் பெரிய தொகைகளைக் கட்ட வேண்டியிருக்கிறது. மாதம் 1,500 பவுண்டு வாடகையுள்ள ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். இத்தகைய வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதுவே ஏறத்தாழ 1,730 பவுண்டு. ஆனால், அந்த நாட்டில் கடன் வரலாறும் ஜாமீன் நிற்க உள்ளூர் ஆளும் இல்லாதவரிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது வீட்டு உரிமையாளர்களிடம் நெடுநாளாக இருந்துவந்த வழக்கம். அப்படிக் கேட்டால் இன்னொரு 9,000 பவுண்டு. பணம் கையில் இருந்தாலும் விஷயம் முடிவதில்லை. கணக்கு புதிது, பணம் பெறுபவர் புதியவர், தொகை பெரியது என்று காரணம் காட்டி வங்கி நிறுத்திவைக்கிறது. இரண்டு தரப்பும் சொல்வது ஒரே காரணத்தைத்தான். உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது, ஆகவே மொத்தமாகக் கொடுங்கள் என்கிறார் உரிமையாளர். உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது, ஆகவே மொத்தமாக அனுப்பாதீர்கள் என்கிறது வங்கி. வரலாறு இல்லை என்ற ஒரு குறைக்கு ஒரே மனிதர் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறார். இதைத் தனிமனிதரின் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. விதிகளை வகுத்தவர்கள் புதிதாக வருபவரை மனத்தில் வைத்து வகுக்கவில்லை. அதனால் வந்த குறை இது.

வங்கியின் எச்சரிக்கையைக் குறை சொல்லத் தொடங்குவதற்கு முன், அதன் நியாயத்தை முழுதாகப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில், வாடிக்கையாளரை ஏமாற்றி அவர் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கும் மோசடியில் 2024இல் மட்டும் பறிபோனது ஏறத்தாழ 45 கோடி பவுண்டு. இல்லாத வீட்டைப் படம் காட்டி முன்பணம் பறிப்பது இந்த மோசடியின் ஒரு வகை. அதில் எளிதாகச் சிக்குபவர், வீட்டை நேரில் பார்க்காமல் சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு முன்பதிவு செய்கிறவர்தான். 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்தவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும்; அந்தச் செலவை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதியாக ஏற்க வேண்டும். பொறுப்பு தன் தலையில் விழுந்தபின் வங்கி இறுக்கிப் பிடிப்பது இயல்பு. மோசடி என்று சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தால், ஒரு பரிமாற்றத்தை நான்கு வேலை நாட்கள் வரை நிறுத்திவைக்கவும் அதே மாத இறுதியில் சட்டம் வழிவிட்டது. இவை நல்ல ஏற்பாடுகள். புதிதாக வந்தவரின் சேமிப்பை, பெரும்பாலும் பெற்றோர் நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ திரட்டிக் கொடுத்த பணத்தை, காப்பாற்றக் கூடியவையும் இவைதான். ஆகவே இவற்றை நீக்குங்கள் என்று கேட்பது பேதைமை.

சிக்கல், சந்தேகம் எதைப் பார்த்து எழுகிறது என்பதில் இருக்கிறது. ஒருவரின் பழைய பழக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் வங்கியின் கணினி வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கிறது. பழைய பழக்கமே இல்லாதவருக்கு எல்லாமே வழக்கத்துக்கு மாறானது. வெளிநாட்டிலிருந்து திடீரென்று பெரிய தொகை வருகிறது. சில நாட்களில் அது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகிறது. செல்பேசி எண்ணும் முகவரியும் அண்மையில் மாறியிருக்கின்றன. திருட்டுப் பணம் கைமாறும் கணக்கின் அடையாளங்களும் இவைதான், நேர்மையாகக் குடியேறும் ஒருவரின் முதல் மாதத்தின் அடையாளங்களும் இவைதான். இரண்டையும் பிரித்துக் காட்டக் கூடிய ஆதாரம் அவர் பையிலேயே இருக்கிறது: விசா, வாடகை ஒப்பந்தம், பல்கலைக்கழகத்தின் கட்டண ரசீது, வேலை நியமனக் கடிதம். கணக்குத் தொடங்கும்போது இவற்றில் சிலவற்றை வங்கியே வாங்கிப் பார்த்திருக்கும். பணம் அனுப்பும் நேரத்தில் அந்தத் தாள்களைப் பரிமாற்றத்தோடு சேர்த்துப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

நிறுத்தப்பட்ட பணத்தின் விளைவு தாமதத்தோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில், இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அவசரத்தில் மனிதர்கள் குறுக்கு வழிகளை நாடுகிறார்கள், ஒவ்வொரு குறுக்கு வழியும் அவர்களைப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுகிறது. தொகையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து அனுப்பினால், கண்காணிப்பின் கண்ணில் அது இன்னும் சந்தேகத்துக்கு உரியதாகப் படும். இந்தியாவிலிருக்கும் தந்தையின் கணக்கிலிருந்து நேரே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பச் சொன்னால், மேலே சொன்ன 85,000 பவுண்டு பாதுகாப்பு அதற்குக் கிடையாது. அது பிரிட்டனுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகும் பணத்துக்கு மட்டுமே. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, முன்பே குடியேறிய நண்பரின் கணக்கு வழியாக அனுப்புவது. இருவரும் நேர்மையானவர்களாக இருக்கலாம். ஆனால், பிறர் பணத்தைத் தன் கணக்கில் வாங்கிக் கைமாற்றும் பழக்கத்தைத்தான் மோசடிக் கும்பல்கள் மாணவர்களிடம் வளர்க்கப் பார்க்கின்றன. அதில் சிக்கிக்கொண்டவரின் பெயர், வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் மோசடித் தரவுத்தளத்தில் ஆறு ஆண்டுகள் நிற்கும். அதன்பின் வங்கிக் கணக்கோ கடனோ பெறுவது அரிது. மோசடியைத் தடுக்க எழுப்பிய சுவர், மோசடிக்காரர்கள் காத்திருக்கும் சந்துக்குள் புதியவரைத் திருப்பிவிடுகிறது.

இந்தியப் பக்கமும் சுலபமில்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மாணவருக்கோ ஊழியருக்கோ இந்த உச்சவரம்பு தடையில்லை. இடிப்பது வேறு இடத்தில். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கல்வி, மருத்துவம் போன்றவை தவிர்த்த பல நோக்கங்களுக்கு, தாண்டிய தொகையில் 20 சதவீதத்தை மூலத்தில் வரியாக வசூலிக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பது உண்மை. ஆனால், அது பல மாதங்கள் கழித்து வரும் பணம். வாடகை இன்றைக்குக் கட்ட வேண்டியது. வங்கிகளுக்கிடையிலான பன்னாட்டுச் செய்தி வலையமைப்பின் வழியாகப் போகும் பணத்தில், நடுவிலுள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டால், கேட்ட தொகையைவிட இருபது பவுண்டு குறைவாகச் சேரலாம். பெறுபவர் அதை முழுக் கட்டணமாக ஏற்கத் தேவையில்லை. பெயர்ச் சிக்கலும் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருப்பவர்கள் தமிழரில் ஏராளம். இந்தியக் கணக்கில் ‘எஸ். முருகன்’, அங்கே புதிதாகத் தொடங்கிய கணக்கில் ‘முருகன் சுப்பையா’ என்று இருந்தால், தன் பணத்தைத் தனக்கே அனுப்புகிறவரும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் முறையைப் பிரிட்டன் வங்கிகள் 2020இலிருந்து கொண்டுவந்தது சரியான முடிவுதான். பெயரின் அமைப்பே வேறாக உள்ள மக்களை அது எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் அவர்கள் சிந்தித்தாக வேண்டும்.

வங்கிகள் தங்கள் வரம்புகளை முன்கூட்டியே சொல்லிப் புதியவருக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டால் மூன்று மறுப்புகள் எழலாம். எவ்வளவு அனுப்பினால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொன்னால் அது திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்பது முதலாவது. ஒரு நாளில் அனுப்பக் கூடிய தொகையின் வரம்பு வேறு, மோசடியை மோப்பம் பிடிக்கும் விதிகள் வேறு. அந்த விதிகள் ரகசியமாகவே இருக்கட்டும். வரம்பைப் பல வங்கிகள் ஏற்கெனவே வெளியிடுகின்றன. திருடனுக்கு ஒரு முயற்சியிலேயே அது தெரிந்துவிடும். தெரியாமல் தடுமாறுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் முதன்முறையாகப் பெரிய தொகையை அனுப்பிப் பார்ப்பவர் மட்டும்தான். முன்பே திட்டமிட்டிருக்கலாமே என்பது இரண்டாவது மறுப்பு. முடிந்தவரை திட்டமிடத்தான் வேண்டும்: பெறுபவரை முன்கூட்டியே சேர்த்து ஒரு பவுண்டு அனுப்பிப் பார்ப்பது, வங்கிக்கு முன்னறிவிப்பது, பெரிய தொகைக்குக் கட்டணம் கொடுத்தாவது கிளையில் அன்றே சேரும் பரிமாற்றத்தைக் கேட்பது, கல்லூரிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே காட்டும் வழியில் மட்டும் கட்டுவது. ஆனால், முகவரிச் சான்று இல்லாமல் கணக்குத் தொடங்குவது பல வங்கிகளில் கடினம், கணக்கு இல்லாமல் வீடு கிடைப்பது கடினம் என்ற நிலையில், திட்டமிடக் கணக்கு கைக்கு வருவதே தாமதமாகத்தான். மூன்றாவது மறுப்பு, பணம் அனுப்பும் புதிய நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பது. அவற்றால் செலவு குறைந்திருக்கிறது. ஆனால், சரிபார்ப்பும் வரம்பும் அங்கும் உண்டு. இந்தியாவிலிருந்து வெளியே போகும் பணம் எப்படியும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

முதலில் குறைய வேண்டியது, வீட்டுக்காக மொத்தமாகக் கேட்கப்படும் அந்தப் பெரிய தொகைதான். ஜெர்மனி இதை வங்கியிடம் விடவில்லை. அங்கே டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்று குடிமையியல் சட்டமே சொல்கிறது. முதல் தவணையோடு வீட்டுக்குள் போய்விடலாம். இங்கிலாந்தும் இப்போது அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே கேட்பதைத் தடுக்கிறது. ஆறு மாத வாடகை என்ற கொடுமைக்கு இது முடிவு. ஜாமீன்தாரர் இல்லாதவருக்கு வீடு தரத் தயங்குவது இதனால் கூடலாம் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. பல்கலைக்கழகங்களும் வேலை தருபவர்களும் ஜாமீன் நிற்க முன்வந்தால் அது தீரும். கல்லூரிக் கட்டணம் எப்படியும் பெரிய தொகையாகவே இருக்கப் போகிறது.

அதற்குத்தான் வங்கிகள் மாற வேண்டும். கணக்கு தொடங்கும் நாளிலேயே முதல் மூன்று மாத வரம்பு என்ன, அதைத் தாண்டி அனுப்ப என்ன ஆவணம் காட்ட வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதை எழுத்தில் தரட்டும். ஒப்பந்தத்தையும் ரசீதையும் முன்கூட்டியே வாங்கி, பெறும் கணக்கைச் சரிபார்த்து, குறித்த நாளில் அனுப்பும் ஒரு வழியை ஏற்படுத்தட்டும். இப்படிச் செய்தால் மோசடி வீட்டு விளம்பரங்களும் பணம் போவதற்கு முன்பே பிடிபடும். இழப்பை ஈடுசெய்யும் செலவு வங்கிக்கும் மிச்சம். எதிர்பார்க்கக் கூடிய தீங்கை வாடிக்கையாளருக்கு விளைவிக்காமல் தவிர்க்க வேண்டும் என்ற கடமையை, பிரிட்டனின் நிதி ஒழுங்காணையம் 2023 ஜூலை இறுதியிலேயே வங்கிகள் மீது வைத்துவிட்டது. புதிதாக வந்தவரின் முதல் வாடகை நின்றுபோகும் என்பதைவிட எளிதாக எதிர்பார்க்கக் கூடிய தீங்கு வேறில்லை. மோசடியில் இழந்தவர்களுக்கு எந்த வங்கி எவ்வளவு திருப்பித் தந்தது என்பதை வங்கியின் பெயரோடு அங்கே வெளியிட்டிருக்கிறார்கள். நேர்மையான பணம் எத்தனை முறை நிறுத்தப்பட்டது, விடுவிக்க எத்தனை மணி நேரம் ஆனது, அவற்றில் எத்தனை கணக்கு தொடங்கி மூன்று மாதம் ஆகாதவை என்ற விவரங்களையும் அதே பட்டியலில் வங்கியின் பெயரோடு வெளியிட வேண்டும்.